ஷாஃப்ட் வழியே வரும் தண்ணீர்

பாய்மரப் படகின் அடியில் தண்ணீர் போக்குவரத்துக்காகப் போட்ட துளைகளுக்கெல்லாம் ஒரு சீ-காக் உண்டு. சந்தேகம் வந்தால் திருகி மூடிவிட்டுத் தூங்கலாம். புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் துளைக்கு அப்படி ஒரு மூடி கிடையாது. ஷாஃப்ட் தடையில்லாமல் சுழல வேண்டும். அதைச் சுற்றித் தண்ணீரும் உள்ளே வரக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வது கிளாண்டு. அமரத்தின் அடியில், எஞ்சினுக்குப் பின்னால், தோள்வரை கையை விட்டால்தான் எட்டும் இடத்தில் அது இருக்கும். ஒழுகத் தொடங்கினால் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஸ்பேனரை. எப்போது ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது, எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரியாமல் நட்டை இறுக்கினால், அரை நாள் வேலை ஷாஃப்ட்டையே மாற்றும் வேலையாக வளர்ந்துவிடும். அதனால் இந்த அத்தியாயத்தில் ஸ்பேனர் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

இங்கே சொல்பவை உள்ளே டீசல் எஞ்சினும் நேரான ஷாஃப்ட்டும் உள்ள படகுகளுக்கு. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் சிறு டிங்கிகளுக்கு இந்தக் கவலை இல்லை, அவற்றுக்கு ஷாஃப்ட்டே கிடையாது. செயில்டிரைவ் பொருத்திய படகுகளில் தண்ணீரைத் தடுப்பது பெரிய ரப்பர் டயாஃப்ரம். அதைப் பார்த்துக்கொள்ளும் முறை முற்றிலும் வேறு. எண்கள் வரும் இடங்களில் 9 மீட்டர் நீளம், 20 குதிரைத்திறன் எஞ்சின், 25 மி.மீ. ஷாஃப்ட் கொண்ட ஒரு ஃபைபர் படகை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வந்தால் பயப்பட வேண்டும்?

ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. நிமிடத்துக்கு 2 சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 150 மி.லி.கூட ஆகாது, ஒரு டம்ளர் தண்ணீர். நிமிடத்துக்கு 10 சொட்டு என்றால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 4 லிட்டரைத் தாண்டும். கேட்கப் பெரிதாக இருந்தாலும், நல்ல பம்பு இருக்கும் படகை இது மூழ்கடிக்காது. படகை மூழ்கடிப்பது இதற்கு அடுத்த கட்டம்: ஓஸ் கிழிவது, நட்டு கழன்று பின்வாங்குவது, கார்பன் சீலின் வளையம் ஷாஃப்ட்டில் நகர்ந்துவிடுவது. நீர்மட்டத்துக்கு 40 செ.மீ. கீழே, 32 மி.மீ. குழாய்க்கும் 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுதும் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 30 லிட்டர் அளவுக்கு உள்ளே வரும். மணிக்கு 1,900 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிறிய பில்ஜ் பம்பு காகிதக் கணக்கில்தான் அதற்கு ஈடுகொடுக்கும். தண்ணீரை மேலே ஏற்றும் உயரம், குழாயின் வளைவுகள், பாட்டரி வோல்டேஜின் இறக்கம் எல்லாம் போகப் பாதி வெளியேறினாலே பெரிது.

தானாக ஓடும் பம்பு இன்னொரு வகையிலும் நம்மை ஏமாற்றும். ஃப்ளோட் சுவிட்ச் அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பில்ஜ் எப்போது பார்த்தாலும் ஒரே மட்டத்தில் இருக்கும். கசிவு நான்கு மடங்கானது யாருக்கும் தெரியாது. பாட்டரி இறங்கிய அன்றைக்குத்தான் தெரியும். பம்பு எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் சிறு கவுன்டர் ஒன்றை இணைத்துவிடுங்கள். படகை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள கருவி வேறு இல்லை என்பது என் எண்ணம்.

வருவது கிளாண்டிலிருந்துதானா?

படகின் எந்த மூலையில் விழுந்த தண்ணீரும் கடைசியில் பில்ஜுக்குத்தான் வரும். எனவே முதலில் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். நன்னீர் என்றால் குடிநீர்த் தொட்டி, அதன் குழாய், ஐஸ் பெட்டி, மழை ஆகியவற்றில் ஒன்று. எண்ணெய்ப் படலம் மிதந்தால் நாக்கு வேண்டாம். கொஞ்சத்தை ஒரு தட்டில் ஊற்றிக் காயவிடுங்கள், உப்புப் பூத்தால் கடல்நீர். கடல்நீர் என்றாலும் கிளாண்டு ஒன்றே சந்தேகத்துக்கு உரியது அல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். பம்பின் உள்சீல் போனால் அங்கிருந்து சொட்டும். எக்ஸாஸ்ட் வளைவு அரித்துப்போயிருக்கலாம். சுக்கான் தண்டின் கிளாண்டு பாய் விரித்து வேகமாகப் போகும்போது, அமரம் தாழும் நேரத்தில் மட்டும் ஒழுகும். இவை எல்லாமே ஷாஃப்ட்டுக்குக் கீழே வந்து தேங்குவதால் பழி அதன் மேல் விழுந்துவிடுகிறது.

ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள இடத்தை நன்னீரால் கழுவி, துணியால் ஒற்றி, முழுக்கக் காயவிடுங்கள். ஓஸின் இரண்டு முனையிலும், கிளாண்டுக்கு அடியிலும் கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். தண்ணீர் வரும் பாதை பவுடரில் ஒரு கோடாகத் தெரியும். தலை நுழையாத இடத்துக்குக் கைப்பேசியை வெளிச்சத்தோடு விட்டுக் காணொளி எடுங்கள். ஓஸுக்கு அடியில், கிளிப்பின் திருகுக்குப் பின்புறம் சொட்டுவதை வேறு எந்த வழியிலும் பார்க்க முடியாது.

எஞ்சின் அறையின் கூரையையும் பக்கச் சுவரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சுழலும் ஷாஃப்ட்டில் கசியும் தண்ணீர் கீழே சொட்டாது, சுற்றிலும் வீசப்படும். அது காய்ந்தால் ஷாஃப்ட்டுக்குக் குறுக்காக வில்போல ஒரு வெள்ளை உப்புக்கோடு விழும். அந்தக் கோடு எந்த இடத்துக்கு நேராக இருக்கிறதோ, கசிவும் அங்கேதான். கோடு மெலிதாகவும் கூர்மையாகவும் இருந்தால் ஒரே ஒரு விளிம்பிலிருந்து வருகிறது. அகலமாகத் தூவியதுபோல இருந்தால் ஷாஃப்ட் அதிர்கிறது. பழைய படகை விலைக்கு வாங்கப் போகும்போதும் அறையின் கூரையைப் பாருங்கள். விற்பவர் பில்ஜைக் கழுவியிருப்பார். கூரையைக் கழுவ நினைத்திருக்க மாட்டார்.

பிறகு, கட்டிப்போட்ட படகில் ஐந்து நிலைகளில் சோதியுங்கள்: எஞ்சின் நின்றிருக்கும்போது, நியூட்ரலில், முன் கியரில் மெதுவாக, முன் கியரில் சற்று வேகமாக, பின் கியரில் மெதுவாக. கட்டுக்கயிறுகள் பலமாக இருக்கட்டும். ஒவ்வொரு நிலையிலும் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த மாதம் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஷாஃப்ட் சுழலும்போது லுங்கி, துண்டு, தொங்கும் கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகில் போகக் கூடாது. உயிருக்கு நேரடி ஆபத்து உள்ள இடம் இது.

பேக்கிங் கிளாண்டு

பழைய முறை இது. இன்றும் உலகத்தில் பெரும்பாலான துறைமுகங்களில் பழுதுபார்க்கக் கூடியதும் இதுதான். படகின் உடலோடு ஒட்டிய ஸ்டெர்ன் டியூப், அதன் முனையில் கனத்த ஓஸ், ஓஸின் மறுமுனையில் வெண்கலக் கிளாண்டு. கிளாண்டுக்குள் ஷாஃப்ட்டைச் சுற்றி மூன்று நான்கு வளையமாகப் பின்னல் கயிறு. அந்தக் கயிற்றை நசுக்கும் பெரிய நட்டு. அந்த நட்டு நகராமல் பிடிக்கும் லாக் நட்டு. கிணற்றுமேட்டு பம்ப்செட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே இருக்கும் கிளாண்டும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது, அதுவும் சொட்டத்தான் வேண்டும்.

சொட்ட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சணல் வகைப் பேக்கிங்கைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைத்திருப்பதும் அந்தச் சொட்டுதான். ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு 2 அல்லது 3 சொட்டு சரியான அளவு; நின்றிருக்கும்போது ஒன்றுமில்லாமலோ எப்போதாவது ஒன்றோ விழலாம். டெஃப்லான் கலந்த புதுவகைப் பேக்கிங்குகள் இதைவிடக் குறைவாகச் சொட்டும். காசிமேட்டில் விசைப்படகுகளுக்குக் கிளாண்டு போடும் ஒரு மெக்கானிக், “சொட்டுனா கணக்கு பாருங்க சார், சொட்டலேன்னா கைய வெச்சுப் பாருங்க” என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

கையை வைத்துப் பார்ப்பதில் நம் கடலுக்கு ஒரு திருத்தம் வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகள் கிளாண்டு தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்கின்றன. வங்காள விரிகுடாவின் மேல்நீரே ஆண்டின் பெரும்பகுதி 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அங்கே குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. அரை மணி நேரம் ஓடிய பிறகு, கியரை நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினையும் நிறுத்திவிட்டுக் கிளாண்டின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை நிம்மதியாக வைத்திருக்க முடியாத சூடு என்றால் நட்டு மிகையாக இறுகியிருக்கிறது. அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பேக்கிங் கருகிக் கட்டியாகி, ஷாஃப்ட்டில் பள்ளம் தோண்டும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டில் எந்தப் பேக்கிங்கும் உட்காராது.

நிற்கும்போதும் ஓடும்போதும் ஒரே அளவில் அதிகமாகச் சொட்டினால் பேக்கிங் தேய்ந்திருக்கிறது அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. ஸ்பேனருக்கு வேலை வருவது இங்கேதான். லாக் நட்டைத் தளர்த்திவிட்டு, பெரிய நட்டை அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று, திருப்புங்கள். லாக் நட்டை மறுபடி இறுக்கி, பத்து நிமிடம் ஓட்டி, எண்ணுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு பக்க அளவு. இப்படி இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் குறையவில்லை என்றால் இறுக்குவதை நிறுத்துங்கள். பேக்கிங் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. நட்டின் மரையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உள்ளே போயிருந்தாலும் அதே முடிவுதான்.

பேக்கிங் மாற்றுவதைக் கரையில் ஏற்றிச் செய்வது நிம்மதி. நம் கிழக்குக் கரையில் கீலோடு கூடிய பாய்மரப் படகைத் தூக்கி நிறுத்துவது எளிதான காரியமல்ல என்பதால், தண்ணீரிலேயே செய்யும் முறையையும் தெரிந்துவைத்திருங்கள். ஒருவர் மூழ்கி, ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். எஞ்சின் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நட்டைத் திறந்தால் தண்ணீர் வரும். பை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அது சமாளிக்கக் கூடிய ஒழுக்குதான். பம்பு ஓடுகிறதா என்று முதலில் சோதித்துவிட்டுத் திறவுங்கள்.

பழைய வளையங்களை எடுக்க, வளையும் தண்டின் முனையில் திருகு வைத்த பேக்கிங் கொக்கி வேண்டும். கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுப்பவர்கள் ஷாஃப்ட்டைக் கீறிவிடுகிறார்கள். எத்தனை வளையம் வெளியே வந்தது என்று எண்ணுங்கள். அடியில் இருக்கும் கடைசி வளையம் பல ஆண்டு நசுங்கி, கிளாண்டின் சுவர்போலவே காட்சி தரும். அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே புதியதை அடைப்பதால்தான் ‘போன வாரம் மாற்றினேன், மறுபடி ஒழுகுகிறது’ என்ற புகார் பெரும்பாலும் வருகிறது. விளக்கு அடித்து, அடியில் வெண்கலம் பளிச்சிடும்வரை எடுங்கள்.

நட்டின் உள்விட்டத்திலிருந்து ஷாஃப்ட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் பேக்கிங்கின் தடிமன் கிடைக்கும். 38 மி.மீ. உள்விட்டமும் 25 மி.மீ. ஷாஃப்ட்டும் என்றால் 6.5 மி.மீ.; கடையில் கால் அங்குலம் என்று கேளுங்கள். பம்ப்செட் கடைகளில் தொங்கும் கிராஃபைட் பூசிய கறுப்புக் கயிறு வேண்டாம். உப்புநீரில் கிராஃபைட்டும் உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது உலோகம்தான். மெழுகோ கொழுப்போ ஏற்றிய சணல், அல்லது டெஃப்லான் ஏற்றிய கடல் பேக்கிங் வாங்குங்கள்.

ஷாஃப்ட்டின் வெறும் பகுதியைச் சுற்றிக் கயிற்றை இறுக்கமாகச் சுற்றி, புது பிளேடால் சாய்வாக வெட்டித் தனித்தனி வளையங்களாக்குங்கள். முனைகள் ஒன்றோடொன்று தொட வேண்டும். ஏறிக்கொள்ளவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. ஒரே நீளக் கயிற்றைச் சுருளாகச் சுற்றி அடைப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. தண்ணீர் அந்தச் சுருளின் வழியாகவே ஏறி வந்துவிடும். முதல் வளையத்தின் வெட்டு 12 மணி நிலையில் இருந்தால் அடுத்தது 4 மணியில், அதற்கடுத்தது 8 மணியில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டால் அழுத்தி உட்காரவைத்த பிறகே அடுத்ததை வையுங்கள். நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, தாராளமாகச் சொட்டவிட்டு ஓட்டுங்கள். புதுப் பேக்கிங் ஷாஃப்ட்டின் வடிவத்துக்குப் படிய சில மணி நேர ஓட்டம் வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன ஆறில் ஒரு சுற்றுக் கணக்கு.

ஓஸையும் மறக்காதீர்கள். கிளாண்டைத் தாங்குவதே அந்த ஓஸ்தான். அது பல அடுக்குத் துணி வைத்துச் செய்த கனத்த கடல் ஓஸாக இருக்க வேண்டும், தோட்டத்துக் குழாய் அல்ல. ஒவ்வொரு முனையிலும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் இரண்டு. கிளிப்பின் அடிப்பக்கத்தில் துரு ஒளிந்திருக்கும், விரலால் தடவிப் பாருங்கள்.

ரப்பர் லிப் சீல்

வோல்வோ பென்டா விற்கும் கறுப்பு ரப்பர் சீல் இந்த வகை. உள்ளே ரப்பர் உதடுகள் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்ளும்; தண்ணீரே மசகு. இதற்குப் பராமரிப்பு மிகக் குறைவு, ஆனால் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். படகைத் தண்ணீரில் இறக்கியதும் சீலை விரல்களால் அழுத்தி, உள்ளே சிக்கிய காற்று வெளியேறி தண்ணீர் எட்டிப்பார்க்கும்வரை பிடியுங்கள். காற்று சிக்கிய நிலையில் எஞ்சினைப் போட்டால் உதடுகள் காய்ந்து கருகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, உதடுகளுக்கு நடுவே சுமார் 1 மி.லி. தண்ணீரில் கரையாத கிரீஸை ஏற்றுங்கள்.

இது ஒழுகினால் சரிசெய்ய நட்டு எதுவும் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். 500 மணி நேர ஓட்டத்துக்கோ 5 ஆண்டுக்கோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்குக் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். புதிய சீலை ஏற்றும்போது ஷாஃப்ட்டின் சாவிப்பள்ளத்து விளிம்பு உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு அதன் மேல் வழுக்கி விடுங்கள். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் புதுச் சீலும் ஒழுகும்.

கார்பன் சீல்

பி.எஸ்.எஸ். என்ற பெயரில் பரவலாக இருப்பது இந்த வகை. ரப்பர் பெல்லோஸின் முனையில் கார்பன் வளையம். அதற்கு எதிரே ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் எஃகு வளையம். பெல்லோஸ் சுருங்கி நிற்கும் விசை கார்பனை எஃகின் மேல் அழுத்துகிறது. எஃகு வளையத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே ஓ-ரிங்குகள். இதற்குச் சொட்டு கூடாது. புதிதாகப் பொருத்திய சில நாளுக்குக் கறுப்புத் தூசியும் லேசான தூவலும் வருவது இயல்பு.

நிற்கும்போது ஒழுகி, ஓடும்போது நின்றுவிட்டால் இரண்டு முகங்களுக்கும் நடுவே ஏதோ சிக்கியிருக்கிறது. வெப்பக்கடலில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற படகுகளில் இது சகஜம். பாசியும் சுண்ணாம்புப் படிவும் ஏறிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது கார்பன் வளையத்தைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, தண்ணீரைக் கொஞ்சம் பீய்ச்ச விடுங்கள். அதுவே முகங்களைக் கழுவிவிடும். போதவில்லை என்றால் இரண்டு முகங்களுக்கும் நடுவே சுத்தமான துணியை விட்டு இழுத்துத் துடையுங்கள். கிரீஸோ எண்ணெயோ தொட்ட துணி வேண்டாம்.

எழுதிவைத்த ஐந்து நிலைக் கணக்கு மிகவும் கைகொடுப்பது இந்த வகைச் சீலில்தான். முன் கியரில் ஒழுகி, பின் கியரில் நின்றால் பெல்லோஸின் அழுத்தம் போதவில்லை என்று பொருள். முன் கியரில் புரொப்பல்லர் தள்ளும் விசை ஷாஃப்ட்டை எஞ்சின் பக்கமாக நகர்த்துகிறது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டுகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. ஷாஃப்ட்டோடு எஃகு வளையமும் கார்பனை விட்டு விலகுகிறது. பின் கியரில் இதற்கு நேர்மாறு. இப்படி இருந்தால் கார்பனைத் துடைத்துப் பயனில்லை. வளையத்தைப் பின்னுக்குத் தள்ளி, உற்பத்தியாளர் உங்கள் ஷாஃப்ட் அளவுக்குச் சொன்ன சுருக்கத்தை மறுபடி கொண்டுவர வேண்டும். மவுன்ட்டுகள் தொய்ந்திருக்கின்றனவா என்றும் அதே நாளில் பாருங்கள்.

எஃகு வளையத்தை ஷாஃப்ட்டில் பிடித்திருப்பவை சிறிய கிரப் ஸ்க்ரூக்கள். ஒரு துளைக்கு இரண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதைப் பூட்டுகிறது. ஒருமுறை கழற்றியவற்றைத் திரும்பப் போடாதீர்கள், முனை மழுங்கியிருக்கும். இந்த ஸ்க்ரூக்கள் தளர்ந்து வளையம் முன்னே நழுவினால், முன்பு சொன்ன 30 லிட்டர் கணக்கு உண்மையாகிவிடும். எனவே வளையத்துக்கு முன்னால் ஷாஃப்ட்டில் ஒரு ஸிங்க் காலரைத் தடுப்பாகப் போட்டுவிடுங்கள். இந்தச் சீல் உள்ள எந்தப் படகுக்கும் நான் முதலில் சொல்லும் வேலை அதுதான். பெல்லோஸை 6 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வெளியே நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் அறையின் சூடும் டீசல் ஆவியும் ரப்பரை மெதுவாகத் தின்கின்றன. காற்று வெளியேறும் சிறு குழாய் நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. மேலாவது, படகின் நடுக்கோட்டை ஒட்டியும் ஏறி நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் படகு சாயும்போது அதன் வழியே தண்ணீர் வந்து, சீல் ஒழுகுவதாகத் தோன்றும்.

எந்தச் சீல் நல்லது என்று கேட்பவர்களுக்கு: உதிரிப்பாகம் விமானத்தில் வரவேண்டிய கரைகளில் பயணம் செய்பவர் பேக்கிங் கிளாண்டை அவசரப்பட்டுக் கழற்றி எறிய வேண்டாம். சொட்டுகிறது என்பது அதன் குறை அல்ல. அது பழுதாகும்போதும் பெரும்பாலும் மெதுவாகவே பழுதாகும்.

சீல் நன்றாக இருந்தும் ஒழுகினால்

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கசிவு கூடுகிறது, அதிர்வும் கூடவே வருகிறது என்றால் கிளாண்டைத் தொடாதீர்கள். ஷாஃப்ட் மையத்தில் சுழலவில்லை. அதற்கு நாலைந்து காரணம் இருக்கலாம்.

கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் லேசாகச் சேர்த்து, மேலே, கீழே, இடம், வலம் என நான்கு இடத்தில் ஃபீலர் கேஜை விடுங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்குக்கு அதிகபட்ச வித்தியாசம் 0.1 மி.மீ. அதற்கு மேல் இருந்தால், ஷாஃப்ட்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி அதே இடத்தில் இருந்தால் எஞ்சின் சாய்ந்திருக்கிறது. மவுன்ட்டுகளைச் சரிசெய்தால் போதும். இடைவெளி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது கப்ளிங் முகம் கோணலாக இருக்கிறது. எஞ்சினை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது. இந்தச் சோதனையைப் படகு தண்ணீரில் ஓரிரு நாள் மிதந்த பிறகு, பாய்மரக் கம்பிகள் வழக்கமான இறுக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். கரையில் முட்டுக் கொடுத்து நிற்கும் ஃபைபர் உடலின் வடிவம் வேறு, மிதக்கும்போது வேறு.

புரொப்பல்லர் அருகே ஷாஃப்ட்டைத் தாங்கும் கட்லெஸ் பேரிங்கை, படகைக் கரையில் ஏற்றும்போது சோதிக்கலாம். புரொப்பல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். 25 மி.மீ. ஷாஃப்ட்டில் ஆட்டம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்ற வேண்டும். தேய்மானம் ஒரு பக்கமாகவே இருந்தால் எஞ்சின் அலைன்மென்ட்தான் அதைத் தின்றிருக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அதே பக்கம் தேயும்.

நம் கரையோரம் மிதக்கும் கைவிடப்பட்ட வலைகள் இன்னொரு காரணம். நைலான் நரம்பு புரொப்பல்லருக்கும் பேரிங்குக்கும் நடுவே சுற்றி, சூட்டில் உருகிக் கட்டியாகி ஷாஃப்ட்டையே நகர்த்தும். வலையில் சிக்கி எஞ்சின் திடுக்கென நின்ற நாளுக்குப் பிறகு கசிவு தொடங்கினால் முதலில் ஒருவரை மூழ்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மவுன்ட்டுகளையும் கப்ளிங்கையும் பாருங்கள்.

நீண்ட நாள் ஓடாத படகில் ஷாஃப்ட்டே குழிவிழுந்திருக்கலாம். துருப்பிடிக்காத எஃகுக்கு ஆக்சிஜன் வேண்டும். பேக்கிங்குக்குள் தேங்கிய நீரில் அது தீர்ந்துபோனதும் எஃகு குழிகுழியாக அரிபடும். வாரம் ஒருமுறை ஷாஃப்ட்டைக் கையாலாவது சில சுற்றுத் திருப்பிவிட்டால் இது வெகுவாகக் குறையும்.

நடுக்கடலில் விட்டுவிட்டால்

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை நிறுத்துங்கள். பாயை ஏற்றிக்கொள்ளுங்கள், படகை நடத்த அது போதும். பாயில் போகும்போது புரொப்பல்லர் தானாகச் சுழன்று நீங்கள் போடும் கட்டை அவிழ்க்கும். எனவே கியர் பெட்டியின் கையேடு அனுமதித்தால் பின் கியரில் பூட்டுங்கள், இல்லையேல் ஷாஃப்ட்டைக் கயிற்றால் கட்டுங்கள்.

நட்டு கழன்றிருந்தால் கையால் இறுக்கினாலே பெரும்பகுதி நின்றுவிடும். பேக்கிங் முழுதும் வெளியேறியிருந்தால் கிரீஸில் ஊறவைத்த பருத்திக் கயிறு கரை சேரும்வரை தாங்கும். ஓஸோ பெல்லோஸோ கிழிந்திருந்தால் சைக்கிள் டியூபை நெடுக்காக வெட்டி, பலம்கொண்ட மட்டும் இழுத்து, கிழிசலுக்கு இரண்டு பக்கமும் தாண்டும்படி அடுக்கடுக்காகச் சுற்றுங்கள். முனைகளில் ஓஸ் கிளிப்பைப் போடுங்கள். ஈரத்தில் ஒட்டும் நாடா எதுவும் நிற்காது, இழுத்த ரப்பர் நிற்கும். கார்பன் சீலின் வளையம் நழுவியிருந்தால் அதைக் கையால் பின்னே தள்ளி பெல்லோஸைச் சுருக்கிப் பிடித்து, அதன் முன்னால் ஷாஃப்ட்டிலேயே ஒரு ஓஸ் கிளிப்பை இறுக்குங்கள்.

பம்பு தோற்றுக்கொண்டிருந்தால் எஞ்சினையே பம்பாக்கலாம். கடல்நீர் உள்ளே வரும் சீ-காக்கை மூடி, அதன் ஓஸைக் கழற்றி, முனையில் வலைத்துணி கட்டி பில்ஜில் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓட்டுங்கள். ஒருவர் அந்த முனையின் அருகிலேயே இருக்க வேண்டும். குப்பை அடைத்தாலோ தண்ணீர் தீர்ந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்தாவிட்டால் பம்பின் ரப்பர் சக்கரம் போய்விடும், பிறகு எஞ்சினும் போய்விடும். சைக்கிள் டியூப் ஒன்று, 25 முதல் 50 மி.மீ. வரை விரியும் கிளிப்புகள் ஆறு, சரியான அளவில் பேக்கிங் ஒரு மீட்டர், நட்டுகளுக்குப் பொருந்தும் இரண்டு ஸ்பேனர்கள்: இவற்றை ஒரே பையில் போட்டு, எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.